வகரம் பிறக்கும் இடம்

தமிழிலக்கணம் கற்பிப்போர் எழுத்துக்களின் பிறப்பைப்பற்றி ஆண்டுக்கொரு முறையேனும் பேசியே ஆகவேண்டும். வகரம் பல்லும் இதழும் பொருந்துமிடத்துப் பிறப்பது என்பது தொல்காப்பியர் கண்ட முடிபு. அப்பல் மேற்பல் என்பதை நன்னூலார் இன்னும் தெளிவாக்கினார். சொல்லிப் பார்த்தால் எவருக்கும் விளங்கக்கூடிய விதியாகையால், உயர்தர வகுப்பிலே மாணவர் ஒருவரை எழுப்பி வகரத்தைச் சொல்லச் செய்வது என் வழக்கம். மற்றவர்கள் அவர் வாயைப் பார்த்து விதியை உணர்ந்துகொள்வர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், முன்வரிசையிலிருந்த மாணவன் ஒருவனை அவ்வாறு எழுப்பினேன். நன்றாகப் படிப்பவன்; ஆனால் வகுப்பிலே அதிகம் பேசாதவன். அவன் சொன்னான். ஒலி ஏறக்குறையச் சரியாகவே வந்தது. ஆனால் அவனது கீழ்ப்பற்கள் மேலுதட்டைச் சென்று தொட்டன. மேற்பற்கள் உள்ளே மறைந்திருந்தன. நன்னூலார் விதி அவன் வாயிலே தலைகீழாக நின்றது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் கையால் வாயை மறைத்துக்கொண்டு அமர்ந்தான். அவன் எப்பொழுதும் அவ்வாறே வாயை மறைத்துப் பேசுபவன் என்பதும், அதன் காரணத்தை ஓராண்டாக நான் சிந்தித்ததில்லை என்பதும் அப்பொழுதுதான் என் நினைவுக்கு வந்தன. பாடத்தை வேறு திசைக்குத் திருப்பினேன். ஆனால் மனம் திரும்பவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவனும் தாயாரும் என் வீட்டுக்கு வந்தார்கள். கையிலே ஒரு பெரிய கடித உறை. அதனுள்ளே முகத்தின் எக்ஸ்-கதிர்ப் படம். அவர்கள் இருவரிடம் ஆலோசனை பெற்றிருந்தார்கள். தனியார் பல்வைத்தியர் ஒருவர், கீழ்வரிசையில் இரண்டு பற்களைப் பிடுங்கி ஈராண்டு கம்பி போட்டால் மேற்பல் வெளியே வரும், கீழ்ப்பல் உள்ளே போகும் என்றார். அதற்கு அடுத்த புதன்கிழமையை நாளாகவும் குறித்துக் கொடுத்திருந்தார். அரசாங்க வைத்தியசாலை நிபுணர் ஒருவரோ, பல்லிலே குற்றமில்லை, தாடை எலும்பிலேதான் குற்றம், வளர்ச்சி முடியும்வரை காத்திருந்து சத்திர சிகிச்சை செய்யவேண்டும் என்றார்.

“மாஸ்டர், பிள்ளையின்ரை முகத்திலை கத்தி வைக்கிறதெண்டால் எனக்கு நெஞ்சு பதறுது. மாமி வேறை, ‘அது அவன்ரை அப்பப்பான்ரை நாடி, அதை வெட்ட ஆர் உங்களுக்கு உரிமை தந்தது’ எண்டு கேக்கிறா” என்றார் தாயார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது மட்டும், “புதன்கிழமை போகட்டோ சேர்?” என்று கேட்டான்.

இலக்கண ஆசிரியன் விடை சொல்லக்கூடிய கேள்வியன்று இது. எனினும் அந்த வகுப்பிலே அவனை எழுப்பியவன் நான். ஆகவே அறிந்த வைத்தியர்களைக் கேட்டும் நூல்களைப் புரட்டியும் நான் தெரிந்துகொண்டவற்றை, இதே கேள்வியோடு வேறு வீடுகளிலும் பிள்ளைகள் இருப்பார்கள் என்ற எண்ணத்தால், இங்கே எழுதுகின்றேன்.

கதவா, நிலையா?

ஒரு வீட்டின் கதவு சரியாக மூடவில்லையென்றால் தச்சன் முதலிற் பார்ப்பது குற்றம் கதவிலா நிலையிலா என்பதை. கதவிலென்றால் சீவிச் சரிப்படுத்தலாம். நிலையே சரிந்திருக்கையிற் கதவைச் சீவினால், கதவு மூடும். ஆனால் அது சரிந்த நிலைக்கேற்பக் கோணலாக்கப்பட்ட கதவாகவே இருக்கும். பற்கள் கதவு, தாடையெலும்பு நிலை. இந்த விவாதம் முழுவதும் இவ்வேறுபாட்டிலேயே தங்கியிருக்கின்றது.

அமெரிக்கரான எட்வேட் ஏங்கிள் என்பவர் 1899ஆம் ஆண்டிலே, மேலும் கீழுமுள்ள முதற் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் முறையை அளவையாகக் கொண்டு பற்கடியின் பிறழ்வுகளை மூன்று வகுப்பாக்கினார். முதலாம் வகுப்பிலே கடைவாய்ப் பற்கள் ஒழுங்காகப் பொருந்தும். முன்பற்கள் நெருங்கியோ சுழன்றோ இருக்கும். இரண்டாம் வகுப்பிலே கீழ்வரிசை பின்தங்கும். மூன்றாம் வகுப்பிலே அது முந்திக்கொள்ளும். நம் மாணவன் மூன்றாம் வகுப்பினன். இப்பாகுபாடு இன்றும் உலகெங்கும் வழக்கிலுள்ளது. ஆனால் அது பல்லைப் பற்றியதேயன்றி எலும்பைப் பற்றியதன்று. எலும்பை அளப்பதற்குக் கருவி இல்லாத காலம் அது.

அக்கருவி 1931ஆம் ஆண்டிற் கிடைத்தது. அமெரிக்காவிலே புறோட்பென்ற், ஜேர்மனியிலே ஹொவ்றாத் என்னும் இருவர், ஒருவரையொருவர் சாராமல், தலையை அசையாது நிறுத்திப் பக்கவாட்டில் எக்ஸ்-கதிர்ப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார்கள். ஒரே அளவில் மீண்டும் மீண்டும் எடுக்கக்கூடிய படமாகையால் தாடையின் வளர்ச்சியை ஆண்டுக்காண்டு ஒப்பிட முடிந்தது. 1953இல் செசில் ஸ்ரைனர் என்பவர் அப்படத்தின்மேல் கோடுகள் வரைந்து கோணங்களை அளக்கும் முறையொன்றை வகுத்தார். மூக்கின் அடிவேரிலிருந்து மேற்றாடைக்கும் கீழ்த்தாடைக்கும் வரையும் இரு கோடுகளுக்கிடையிலுள்ள கோணம் அவரது அளவில் ஏறத்தாழ 2 பாகை. கீழ்த்தாடை முந்தினால் அது பூச்சியத்துக்கும் கீழே செல்லும்.

இப்படத்தைப் பார்க்கும்போது பலருக்கு வியப்பொன்று காத்திருக்கும். கீழ்த்தாடை நீண்டுவிட்டது என்றுதான் வீட்டார் எண்ணியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரிவதும் அதுவே. அளந்து பார்த்தால், பலரிடத்திலே கீழ்த்தாடை ஏறக்குறைய அளவோடிருக்க, மேற்றாடைதான் வளராது பின்தங்கியிருக்கும். நம் மாணவனிடத்திலே இரண்டுமே உண்டு. ஆயினும் பெரிய பங்கு மேற்றாடையினதே. ஆண்டுக்கணக்காக அவன் கண்ணாடியின் முன் நின்று தன் நாடியை வெறுத்திருந்தான். குற்றவாளி வேறிடத்தில் இருந்தான்.

மன்னர் வளர்த்த தாடி

முந்தி நிற்கும் நாடி மன்னர் குலமொன்றின் அடையாளமாகவே ஐரோப்பிய வரலாற்றில் இடம்பெற்றிருக்கின்றது. ஹப்ஸ்பேர்க் வம்சத்தவரின் நாடி பெயர்பெற்றது. 1500 முதல் 1558 வரை வாழ்ந்த பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸ் அவ்வம்சத்தவர். ஓவியர் திசியன் தீட்டிய படங்களில் அவர் தாடியோடு காட்சி தருகின்றார். தாடி அக்கால வழக்கமேயாயினும், நாடியின் நீட்சியை அது ஓரளவு மறைத்ததென்பதிலும் ஐயமில்லை. அவ்வம்சத்தின் ஸ்பானியக் கிளையில் இறுதி மன்னராக வந்த இரண்டாம் சார்ள்ஸ் (1661-1700) உணவை மென்று தின்னவும் தெளிவாகப் பேசவும் இடர்ப்பட்டவர். 2019இல் ஸ்பானிய ஆராய்ச்சியாளர் சிலர், அவ்வம்சத்தவரின் 66 ஓவியங்களை முகத் தாடைச் சத்திர சிகிச்சை நிபுணர் பதின்மருக்குக் காட்டி அளவிடச்செய்து, உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக மணம் செய்தமைக்கும் நாடியின் நீட்சிக்கும் தொடர்புண்டு என்று எழுதினார்கள்.

நாடி வழிவழி வருவது என்பதைப் பாட்டியார் ஆராய்ச்சியின்றியே அறிந்திருந்தார்.

மன்னரின் தாடியை நான் குறிப்பிட்டதற்குக் காரணமுண்டு. பல்வைத்தியத்திலே ‘மறைப்பு’ என்றொரு வழி இருக்கின்றது. எலும்பு இருந்தவாறே இருக்க, அதன் பிறழ்வு தெரியாதபடி பற்களை மட்டும் சாய்த்துப் பொருத்திவிடுவது அது. தாடி முகத்துக்குச் செய்ததைக் கம்பி பற்கடிக்குச் செய்கின்றது.

மூன்று வழிகள்

எலும்பிலே குற்றமுள்ளவர்க்கு வழிகள் மூன்று.

முதலாவது, வளரும்போதே வளர்ச்சியைத் திருப்புவது. கீழ்த்தாடை பின்தங்கிய பிள்ளைக்கு, பருவம் எய்தும் வளர்ச்சிவேகம் உள்ள காலத்திலே, தாடையை முன்னே நிறுத்திவைக்கும் கருவிகளை அணிவிப்பர். மேற்றாடை பின்தங்கிய பிள்ளைக்கு நெற்றியிலும் நாடியிலும் தாங்கும் முகச்சட்டமொன்றை அணிவித்து, இறப்பர் வளையங்களால் மேற்றாடையை முன்னோக்கி இழுப்பர். இது பத்து வயதுக்கு முன்னரே பெரும்பயன் தருவது. ஆகவே முன்பற்கள் எதிர்மாறாகக் கடிக்கும் பிள்ளையை ஏழெட்டு வயதிலே காட்டவேண்டும். “பால்பல்லெல்லாம் விழட்டும், பிறகு பார்ப்பம்” என்று நாம் சொல்லிக் கழிக்கும் ஆண்டுகளே இவ்வழி திறந்திருக்கும் ஆண்டுகள். நம் மாணவனுக்கு வயது பதினேழு. இக்கதவு அடைபட்டுவிட்டது.

இரண்டாவது, மேலே சொன்ன மறைப்பு. மூன்றாம் வகுப்பினர்க்குக் கீழ்வரிசையில் இருபுறமும் ஒவ்வொரு முன்கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, அவ்விடைவெளிக்குள் கீழ்முன்பற்களைப் பின்னே சாய்த்து, மேல்முன்பற்களை முன்னே சாய்ப்பர். ஈராண்டளவில் முடியும். மயக்கமருந்தில்லை, கத்தியில்லை. பிறழ்வு சிறிதாக இருந்து, முகத்தின் தோற்றத்தைப் பற்றி ஒருவருக்கு மனக்குறையும் இல்லையென்றால் இதுவே தக்க வழி.

ஆனால் பற்களுக்கு எல்லையுண்டு. அவை எலும்பென்னும் குறுகிய வரம்புக்குள்ளே நடப்பட்டவை. வரம்பைக் கடந்து சாய்த்தால் முரசு கீழிறங்கி வேர் வெளித்தெரியும். வேர்முனை கரைந்து குறுகவும் கூடும். அமெரிக்கப் பேராசிரியர்கள் புறொபிற், அக்கர்மன் இருவரும் இவ்வெல்லைகளை ஒரு வரைபடமாக்கினார்கள். அதன்படி மேல்முன்பற்களைக் கம்பியினாற் பின்னோக்கி ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் நகர்த்தலாம். முன்னோக்கியோ 2 மில்லிமீற்றர்தான். மேற்பல் உந்தி நிற்பவர்க்குக் கம்பி பெருந்துணையாவதும், மேற்பல் உள்ளடங்கி நிற்பவர்க்கு அது விரைவிலே கைவிடுவதும் இதனாலேயே. எலும்பில் முறுக்கும் சிறு திருகாணிகள் இக்காலத்தில் அவ்வெல்லையைச் சிறிது விரித்திருக்கின்றன. 1990களின் இறுதியில் வந்த, கண்ணாடிபோன்ற கழற்றக்கூடிய உறைகளும் பல இடங்களிற் கம்பிக்குப் பதிலாகின்றன. ஆயினும் உறையாயினும் கம்பியாயினும் நகர்வது பல்லேயன்றித் தாடையன்று.

மூன்றாவது சத்திர சிகிச்சை.

பனங்கிழங்கும் தாடையும்

தாடையை அறுத்து இடம் மாற்றும் எண்ணம் புதியதன்று. 1849இல் அமெரிக்காவின் வீலிங் என்னும் ஊரிலே ஹலிஹென் என்ற வைத்தியர், தீக்காயத் தழும்பு இழுத்ததனாற் கீழ்த்தாடை நீண்டுபோன இளம்பெண்ணொருத்திக்கு எலும்பில் ஆப்புவடிவாக ஒரு துண்டை அகற்றிப் பின்னே நகர்த்தினார். மயக்கமருந்து உலகுக்கு அறிமுகமாகி மூன்றாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அதன்பின் நூறாண்டுகள் இத்துறை மெதுவாகவே நகர்ந்தது. வெளியே தழும்பு விழுந்தது. அறுத்த எலும்பு பொருந்தாது போவதும், பழைய இடத்துக்கே திரும்புவதும் உண்டு.

இதற்கு விடைகண்டவர் ஒஸ்திரியரான ஹியூகோ ஒப்வேகெசர் (1920-2017). கிறாஸ் நகரில் ட்ரவுனர் என்பாரிடம் பயின்று, பின்னர் சூரிச்சிலே பணியாற்றியவர். 1950களிலே அவர் கண்ட முறையை நம்மூரவர்க்கு விளக்குவது எளிது. அவித்த பனங்கிழங்கை நாம் குறுக்கே முறிப்பதற்கு முன் நெடுக்கே இரண்டாகக் கிழிக்கின்றோம் அல்லவா? அதுபோல, கீழ்த்தாடையின் பின்பகுதியை, வாய்க்குள்ளிருந்தபடியே, உட்தட்டு வெளித்தட்டு என்று நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளப்பர். பற்களைத் தாங்கிய பகுதி முன்னேயோ பின்னேயோ வழுக்கிச் செல்லும். பிளந்த இரு தட்டுக்களும் அகன்ற பரப்பிலே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருப்பதால் எலும்பு நன்கு பொருந்தும். முகத்திலே தழும்பில்லை.

ஆனால் பனங்கிழங்கின் நடுவே தும்பு ஓடுவதுபோல, தாடையின் நடுவே ஒரு நரம்பு ஓடுகின்றது. கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி தருவது அது. அதைப் பற்றிப் பின்னர் சொல்வேன்.

மேற்றாடையின் கதை இன்னும் வியப்பானது. பிரான்சு தேசத்து லீல் நகரில் றெனே லெ போர் என்பவர், பிணங்களின் தலைகளை அடித்துடைத்து, முகவெலும்பு எந்தக் கோடுகளில் உடைகின்றது என்று ஆராய்ந்து 1901இல் எழுதினார். விபத்து உடைக்கும் அக்கோடுகளில் முதலாவதையே பின்னாளில் வைத்தியர்கள் மேற்றாடையைப் பிரிக்கும் வழியாகக் கொண்டார்கள். முழு மேற்றாடையையும் பிரித்தால் அதற்கு இரத்தம் எங்கிருந்து வரும் என்ற அச்சம் நெடுங்காலம் இருந்தது. அண்ணத்துத் தசையே போதிய இரத்தத்தைத் தருகின்றது என்பதைக் குரங்குகளில் ஆராய்ந்து காட்டியவர் அமெரிக்கரான வில்லியம் பெல். 1966இல் ஒப்வேகெசர் வாஷிங்ரனில் ஆற்றிய விரிவுரைகளின் பின் அமெரிக்கர் இத்துறையில் முழுமூச்சோடு இறங்கினர். 1970இல் அவர் இரு தாடைகளையும் ஒரே அமர்வில் நகர்த்தியமையை வெளியிட்டார். முன்பெல்லாம் எலும்பு பொருந்துவதற்காக வாயை ஆறு வாரம் கம்பியாற் கட்டிவைத்தனர். பின்வந்த டைட்டேனியத் தகடுகளும் திருகாணிகளும் அத்துன்பத்தைப் பெரும்பாலும் நீக்கிவிட்டன.

எதிர்த்திசையில் இரு பாதைகள்

இனி, புதன்கிழமைக் கேள்விக்கு வருவோம். பலரும் நினைப்பது யாதெனில், முதலிற் கம்பியைப் போட்டுப் பார்ப்போம்; சரிவராவிட்டாற் பிறகு சத்திர சிகிச்சைக்குப் போவோம் என்பது. நானும் அவ்வாறே நினைத்தேன். சிறிய வழியை முதலில் முயல்வது அறிவுடைமை என்பது பொதுவான நீதி. இங்கே அந்நீதி பொருந்தாது என்பதே நான் அறிந்துகொண்டவற்றுள் முக்கியமானது.

காரணம் இது. கீழ்த்தாடை முந்தியவரிடத்தில் இயற்கையே சிறிது மறைப்பைச் செய்து வைத்திருக்கும்: நாவும் உதடும் தள்ளியதனாற் கீழ்ப்பற்கள் உள்ளே சாய்ந்தும் மேற்பற்கள் வெளியே சாய்ந்தும் இருக்கும். மறைப்புச் சிகிச்சை அச்சாய்வை இன்னும் மிகுவிக்கின்றது. சத்திர சிகிச்சைக்கான ஆயத்தமோ அச்சாய்வை நீக்கி, பற்களை அவற்றின் எலும்பிலே நிமிர்த்தி நிறுத்துகின்றது. நிமிர்த்தும்போது பற்கடி முன்னிலும் மோசமாகத் தோன்றும், முகமும் அவ்வாறே. ஓராண்டு, ஒன்றரையாண்டு அந்தத் தோற்றத்தோடு உலாவிய பின்னரே தாடையை நகர்த்தும் நாள் வரும். ஒரு பாதை கிழக்கே போக, மற்றது மேற்கே போகின்றது. பிடுங்கவேண்டிய பல்லும் பாதைக்குப் பாதை வேறுபடலாம். கீழே இரண்டு பல்லைப் பிடுங்கி ஈராண்டு கிழக்கே நடந்தவன், பிறகு மேற்கே போக விரும்பினால், நடந்த தூரத்தையெல்லாம் திரும்பி நடக்கவேண்டும். பிடுங்கிய பல்லோ திரும்பி வராது.

இன்னொன்று. பதினேழு வயது ஆண்பிள்ளையின் கீழ்த்தாடை இன்னும் வளரக்கூடும். பெண்களுக்குப் பதினாறு பதினேழிலும் ஆண்களுக்குப் பதினெட்டு முதல் இருபத்தொன்று வரையிலும் அவ்வளர்ச்சி ஓய்கின்றது. கீழ்த்தாடைதான் முகத்திலே கடைசியாக வளர்ந்து முடிவது. வளர்ச்சி ஓயுமுன் மறைத்தால் மறைத்தது வெளிப்படும். வெட்டினால் வெட்டியது மீண்டும் வளரும். ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் ஒன்றின்மேலொன்று சரியாகப் பொருந்தினால் மட்டுமே வளர்ச்சி ஓய்ந்ததென்று கொள்ளலாம்.

ஆகவே நான் அவனுக்குச் சொன்னது சத்திர சிகிச்சை செய் என்பதன்று, செய்யாதே என்பதுமன்று. “புதன்கிழமை போகாதை. பல்லுப் பிடுங்கிறது சின்ன விசயமெண்டு நினைக்காதை, அதுதான் முடிவு” என்றேன். அவ்வளவே.

இரு பக்கத்து விலை

சத்திர சிகிச்சையின் விலையை மறைத்துச் சொல்வது நேர்மையன்று. முகம் இரண்டு மூன்று வாரம் வீங்கும். ஆறு வாரமளவும் நீராகாரமும் மசித்த உணவும்தான், உடல் மெலியும். மூக்கடைப்பும் உறக்கமின்மையும் முதல் நாட்களிற் கடுமையானவை. குருதிப்பெருக்கு, கிருமித்தொற்று, எலும்பு எண்ணியவாறு பிளவாமை, நகர்த்திய தாடை ஓரளவு பின்வாங்குதல் ஆகியவை நேரக்கூடியவை. யாவற்றிலும் எண்ணிப் பார்க்கவேண்டியது அந்த நரம்பு. கீழ்த்தாடை பிளக்கப்பட்ட ஏறக்குறைய எல்லோர்க்கும் கீழுதடு சில காலம் மரத்துப்போகும். பெரும்பாலோர்க்கு ஓராண்டுக்குள் உணர்ச்சி மீளும். சிலர்க்குச் சிறிதளவோ மிகுதியாகவோ என்றென்றும் மீளாது.

செய்யாமல் விடுவதற்கும் விலையுண்டு. முன்பற்களாற் கடிக்க முடியாமை, சில பற்களே பாரமெல்லாம் தாங்கித் தேய்தல், சொற்றெளிவின்மை ஆகியன ஒருபுறம். கீழ்த்தாடை மிகவும் பின்தங்கியவர்களிடத்திலே தொண்டையின் காற்றுவழி குறுகி, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் உண்டு. அத்தகையோர்க்கு இரு தாடைகளையும் முன்னே நகர்த்துவது மூச்சுக்கே மருந்தாகின்றது. இதே காரணத்தால், கீழ்த்தாடையைப் பெரிதும் பின்னே தள்ளுவதை இன்றைய நிபுணர்கள் விரும்புவதில்லை; மேற்றாடையை முன்னே கொணர்வதனால் எவ்வளவு சரிசெய்யலாமென்று முதலிற் பார்க்கின்றனர்.

பணமும் காலமும் வேறு. நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெறலாம். ஆனால் முறை வரும்வரை காத்திருக்கும் பொறுமை வேண்டும். எவ்வழியாயினும், பற்சீரமைப்பு நிபுணரும் தாடைச் சத்திர சிகிச்சை நிபுணரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே படத்தைப் பார்த்துச் சொன்ன முடிவா என்று கேட்டறிவது நோயாளியின் உரிமை. கம்பி போடுபவர் கம்பியையும் கத்தி எடுப்பவர் கத்தியையும் சொல்வது தொழிலியல்பு. இருவரும் கூடிச் சொல்வதே ஆலோசனை.

எவருடைய அளவுகோல்?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஸ்ரைனர் முதலியோரின் அளவுகள் வெள்ளையர் முகங்களிலிருந்து பெறப்பட்டவை. நம்மவரின் பற்களும் உதடுகளும் அவர்களினும் சற்று முன்னே நிற்பது இயல்பு, அது நோயன்று. அளவுகோலின் குறையை முகத்தின் குறையாகக் கொண்டு கத்தியை நாடுவோரும் உளர். என்னோடு பணியாற்றும் ஆசிரியை ஒருவர், மேலும் கீழும் பற்கள் உந்தி, உதடு மூடமுடியாமல் இருந்தவர். சத்திர சிகிச்சையைப் பற்றியும் அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் நான்கு முன்கடைவாய்ப் பற்களைக் கொடுத்துக் கம்பியோடு நிறுத்திக்கொண்டார். இன்று உதடு மூடுகின்றது. “என்ரை முகம் எனக்குப் பிடிக்கும், வாய்தான் மூடவேணுமெண்டு கேட்டனான்” என்பார். அவருக்கு எது குறை என்பது தெரிந்திருந்தது. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அதுவும் சரியான முடிவே.

இறுதியில் வைத்தியர் விடைசொல்ல முடியாத கேள்வி ஒன்றுண்டு: உனக்கு எது குறை? மென்று தின்ன முடியாமையா, பேசமுடியாமையா, கண்ணாடியா, பிறர் சிரிப்பா? பிறர் சிரிப்பை மட்டும் நீக்கவென்று தாடையை அறுப்பவர், தாடை மாறிய பின்னும் அச்சிரிப்பைக் காதில் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

அப்பப்பாவின் படம்

அவன் புதன்கிழமை போகவில்லை. ஓராண்டு கழித்து எடுத்த படத்திலே நாடி இன்னும் 2 மில்லிமீற்றர் முன்னே வந்திருந்தது. உயர்தரப் பரீட்சை எழுதினான். அதற்கடுத்த படத்தில் மாற்றமில்லை. அதன்பின் நிபுணர் இருவரும் சேர்ந்து அவனிடம் யாவும் விளக்கினார்கள். மறைப்பினால் பற்கடியைப் பாதியளவே சரிப்படுத்தலாம், முகம் இருந்தவாறே இருக்கும் என்பதையும் சொன்னார்கள். வீட்டார் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவன் எல்லாவற்றையும் கேட்டான். பின்னர் என்னிடம் வந்து, “சேர், நான் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கப் போறன். வாயைப் பொத்திக்கொண்டு படிப்பிக்கேலாது” என்றான்.

மேற்றாடையை 5 மில்லிமீற்றர் முன்னேயும் கீழ்த்தாடையை 3 மில்லிமீற்றர் பின்னேயும் நகர்த்தினார்கள். நான் வைத்தியசாலையில் அவனைப் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை; முகம் முழுவதும் வீக்கம். தாயார் வெளியே தாழ்வாரத்தில் அழுதுகொண்டிருந்தார். தவறான ஆலோசனை சொல்லிவிட்டேனோ என்று அன்றிரவு நானும் உறங்கவில்லை.

இப்பொழுது மூன்றாண்டுகள் ஆகிவிட்டன. சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தான். கீழுதட்டின் இடப்பக்கத்தில் ஒரு காசளவு இடம் இன்னும் மரத்தே இருக்கின்றதாம். அவ்விடத்திலே தேநீர் வழிந்தாலும் தெரிவதில்லை. கைக்குட்டை எப்பொழுதும் கூடவே இருக்கின்றது. “வருத்தமிருக்கிறதா?” என்று கேட்டேன். சிறிது யோசித்தான். “இருக்குது. ஆனால் திரும்பக் கேட்டாலும் இதைத்தான் செய்வன்” என்றான். அவ்விரண்டையும் ஒரே மூச்சிற் சொல்லத் தெரிந்தமையே அவன் முடிவு நல்ல முடிவென்பதற்குச் சான்று என்று எனக்குத் தோன்றியது.

பாட்டியாரைப் பற்றி விசாரித்தேன். முதலிற் சில மாதம் அவர் பேரனின் முகத்தை நேரே பார்க்கவில்லையாம். ஒருநாள் சுவரிலிருந்த அப்பப்பாவின் படத்தைக் கழற்றி வரச்செய்து, கண்ணாடியைத் துடைத்து, படத்தையும் பேரனையும் மாறிமாறிப் பார்த்தாராம். பிறகு, “கண் அப்பிடியேதான் இருக்குது” என்று சொல்லிப் படத்தைத் திரும்ப மாட்டச் சொன்னாராம்.

பேச்சுக்கிடையே அவன் வாயைக் கவனித்தேன். கை மடியிலேயே கிடந்தது. மேற்பல் கீழுதட்டைத் தொட, வகரம் நன்னூலார் சொன்ன இடத்திலேயே பிறந்தது.